லட்சம் லூமென்ஸ் ஊரில் எண்ணூறு லூமென்ஸ் விற்றவன்

டார்ச் லைட் வியாபாரத்தில் விற்பவனுக்கு ஒரு பெரிய வசதி உண்டு: பெட்டியில் எழுதியிருப்பது உண்மையா என்று வாங்கியவருக்கு அடுத்த மின்தடை வரை தெரியாது.

அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளாமல் மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்னக் கடையும் இணையத்தில் ஒரு தளமும் நடத்திவருகிறேன். ‘நடத்திவருகிறோம்’ என்று திருத்திக்கொள்கிறேன். போட்ட முதல் என் மச்சான் பாஸ்கருடையது. அவன் என் மனைவி கீதாவின் தம்பி, அதே கடையில் முன்பு செல்போன் உறை விற்றவன். நான் சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பயனர் கையேடு எழுதிக்கொண்டிருந்தேன். பயனர் கையேடு என்பது யாருமே படிக்காத இலக்கிய வகை. படிக்காவிட்டாலும் அதில் பிழை இருக்கக் கூடாது என்பது என் கொள்கை. இந்தக் கொள்கையோடு கடைக்குள் வந்தவனைப் பார்த்து மச்சான் அன்றைக்கே பயந்திருக்க வேண்டும். அக்கா புருஷன் என்று மரியாதை காட்டிவிட்டான்.

போன மழைக்காலம் தொடங்கியபோது அந்த மரியாதை தீர்ந்துபோனது. எங்கள் தளத்தில் ஒவ்வொரு டார்ச்சைப் பற்றியும் எழுதுவது நான். அதிகம் விற்கும் டார்ச்சுக்கு எண்ணூறு லூமென்ஸ் என்று எழுதியிருந்தேன், ஏனென்றால் அது எண்ணூறு லூமென்ஸ்தான். பக்கத்திலேயே பெயர் தெரியாத கடைகள் அதே அளவு டார்ச்சுக்கு ஒரு லட்சம் என்று எழுதிப் பாதி விலைக்கு விற்றன. மச்சான் கணக்கைத் திறந்து காட்டவில்லை. முகத்தைக் காட்டினான், அதுவே போதுமானதாக இருந்தது. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். மழை முடியும்வரை என் எழுத்து. அதற்குள் வியாபாரம் ஏறாவிட்டால் அவன் எழுத்து. “தை பொறந்தா வழி பொறக்கும்னு சொல்வாங்க மாமா. நமக்கு லட்சம் பொறக்கட்டும்” என்றான்.

இணையத்தில் டார்ச் வாங்கி ஏமாந்து, அதை மேசை இழுப்பறையில் பழைய சார்ஜர்களோடு புதைத்துவைத்திருக்கும் சக பாதிக்கப்பட்டவர்களே, கீழே இருப்பதெல்லாம் அந்த மழைக்காலத்தில் நடந்தவை.

பஸ் ஒதுங்கும் வெளிச்சம்

தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் ஆட்டோ ஓட்டும் குமார்தான் அந்தப் பருவத்தின் முதல் வாடிக்கையாளர். வாங்க வரவில்லை, கேள்வி கேட்க வந்தார். “இன்னா சார், உன்து எண்ணூறுதானா? இங்க பாரு, போன்ல லச்சம் போட்டுகிறான். உன் வெலைல பாதி” என்று திரையை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

நான் கையேட்டு ஆசிரியன் ஆயிற்றே, விளக்காமல் இருக்க முடியுமா? ஒரு விளக்கிலிருந்து மொத்தமாக எவ்வளவு ஒளி வெளியே வருகிறது என்பதன் அளவுதான் லூமென்ஸ் என்றேன். காரின் ஒரு முன்விளக்கு கிட்டத்தட்ட ஆயிரம் தரும். லட்சம் என்றால் நூறு முன்விளக்கு. அத்தனையும் உங்கள் சட்டைப் பைக்குள் இருக்கும் ஒரு குழாயிலிருந்து வரவேண்டும்; வந்தால் முதலில் பை எரியும், பிறகு சட்டை, பிறகு நீங்கள். குமார் மிகுந்த கவனத்தோடு கேட்டுவிட்டு, “அப்போ இத்த ஆட்டோ முன்னாடி கட்டிகினா ஜிஎஸ்டி ரோடுல பஸ்ஸே ஒதுங்கி வழி வுடும்ல சார்?” என்றார். அன்று மாலையே போனில் லட்சத்தை வாங்கிவிட்டார்.

முதல் பெருமழைக்குப் பிறகு திரும்பி வந்தார். லட்சம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். ரங்கநாதபுரம் பக்கம் முட்டியளவு தண்ணீரில் ஆட்டோ நின்றுவிட்டதாம். ஸ்பார்க் பிளக்கைத் துடைக்க டார்ச்சை எடுத்தாராம். கழற்றிய பிளக்கைத் திரும்ப மாட்டுவதற்குள் டார்ச் கண்ணை மூடிவிட்டதாம். பிறகு கவுன்டரில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்: “உன் எண்ணூறையே குடு சார். அதுல ஒண்ணு கொறைஞ்சாலும் சண்டைக்கு வருவேன்.”

குளியலறை ஆய்வகம்

அந்த எண்ணூறு எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்பீர்கள். தயாரிப்பாளர் பெட்டியில் ஆயிரத்து இருநூறு என்றுதான் அச்சிட்டிருந்தார். பெட்டியை நம்புகிறவன் பெட்டிதான் விற்க வேண்டும்.

எங்கள் வீட்டுக் குளியலறைக்கு ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் ஒரு லுங்கியைச் செருகினால் பட்டப்பகலிலும் கும்மிருட்டு. டார்ச்சைத் தரையில் நிமிர்த்தி வைத்து வெளிச்சத்தைக் கூரைக்கு அனுப்புவேன். கூரையில் பட்டுத் திரும்புவதை, முக்காலியில் வைத்த செல்போனில் ஒளி அளக்கும் செயலி சொல்லும். செயலி சொல்லும் எண்ணை நம்பக் கூடாது. ஆனால் இரண்டு டார்ச்சுகளை ஒப்பிட அது போதும். ஆய்வுக்கூடத்தில் அளந்து சான்றோடு வந்த ஒரு நல்ல டார்ச்சைப் படிக்கல் மாதிரி வைத்திருக்கிறேன். அதற்கு இவ்வளவு என்றால் இதற்கு எவ்வளவு? பள்ளிக்கூட விகிதக் கணக்குதான்.

எரியவிட்ட உடனே அளக்கக் கூடாது, இது முக்கியம். எந்த டார்ச்சும் முதல் நொடியில் புது மாப்பிள்ளை மாதிரிதான் இருக்கும். அரை நிமிடம் விட்டு அளப்பது முறை. நான் அதோடு நிறுத்தாமல், சூடேறிய பிறகு எங்கே வந்து நிலைக்கிறது என்பதையும் பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவேன். ‘எட்டு மணி நேரம் எரியும்’ என்று போட்டிருந்தால் அதில் எத்தனை மணி நேரம் விளக்கு, எத்தனை மணி நேரம் மின்மினி என்று தெரிய வேண்டாமா? எங்கள் வீட்டில் இருப்பது ஒரே குளியலறை. ஒரு திங்கட்கிழமை காலை, வங்கிக்குக் கிளம்பவேண்டிய கீதா கதவைத் தட்டிச் சொன்னாள்: “ஏங்க, உள்ள எவ்வளவு வெளிச்சம்னு அப்புறம் அளக்கலாம். வெளிய எவ்வளவு கூட்டம்னு கொஞ்சம் பாருங்க.”

தக்காளி எந்த நிறம்

லூமென்ஸ் மட்டும் பார்த்து வாங்காதீர்கள், வெளிச்சத்தின் நிறத்தையும் பாருங்கள் என்று தளத்தில் ஒரு தனிப் பத்தி எழுதியிருக்கிறேன். மலிவான டார்ச்சுகளின் வெளிச்சம் நீலம் பாய்ந்திருக்கும். அதைப் பார்த்தவுடன் ‘ஆகா, பளிச்சென்று இருக்கிறதே’ என்று தோன்றும். உங்கள் உள்ளங்கையில் அடித்துப் பாருங்கள். கை உயிரோடு இருப்பவருடையது மாதிரி தெரிந்தால் வாங்கலாம். நீல வெளிச்சத்தில் சேறும் தண்ணீரும் ஒன்று, தோட்டத்து ரப்பர் குழாயும் பாம்பும் ஒன்று.

இதை மார்க்கெட்டில் காய்கறி விற்கும் தனம் அக்காவிடம் விளக்கும் வாய்ப்பு வந்தது. சாயங்காலம் கரெண்ட் போய்விட்டது, மெழுகுவர்த்தி காற்றில் நிற்கவில்லை, தார்ப்பாய்க்குக் கீழே கூட்டம் நின்றுகொண்டிருக்கிறது. நான் இரண்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். நீல வெளிச்சத்தைத் தக்காளிக் கூடையில் அடித்தேன்: எல்லாம் அடிபட்ட மாதிரி கன்றிப்போய்த் தெரிந்தன. மஞ்சள் கலந்த வெளிச்சத்தை அடித்தேன்: அதே தக்காளி, கன்னம் சிவந்துவிட்டது. பார்த்தீர்களா, நல்ல வெளிச்சம் உள்ளதை உள்ளபடி காட்டும் என்று முடித்தேன்.

அக்கா மஞ்சள் டார்ச்சை என் கையிலிருந்து வாங்கிக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். உண்மையின் பக்கம் ஒருவரைச் சேர்த்துவிட்டேன் என்று நான் பூரித்திருந்தபோது சொன்னார்: “உள்ளதுன்றியோ இல்லாததுன்றியோ, வெளக்கு என் பக்கம் பேசணும் சார். அது பேசுது.”

அடகுக் கடைத் தராசு

நாவலூரில் வேலை பார்க்கும் பிரவீன் என்ற இளைஞர், எங்களிடம் டார்ச் மட்டும் வாங்கி, பேட்டரியை வேறு இடத்தில் வாங்கியிருந்தார். டார்ச் சீக்கிரம் அணைந்துவிடுகிறது என்று புகார். நேரில் கொண்டுவாருங்கள் என்றேன். கொண்டுவந்தார். விரல் நீளத்தில், விரலைவிடக் கொஞ்சம் தடிமனான லித்தியம் பேட்டரி. அதன் மேல் 9900 என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. அந்த எண் அதில் எவ்வளவு மின்சாரம் தங்கும் என்பதைச் சொல்கிறது. அந்த அளவுக் குழாயில் உலகத்தின் நல்ல கம்பெனிகள் எல்லாம் முட்டி மோதி மூவாயிரத்து ஐந்நூறு பக்கம்தான் நிற்கின்றன. யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லையில் அதை மூன்று மடங்கு ஆக்கிவிட்டார் என்றால் அவர் ஏன் பேட்டரியைக் கூவி விற்றுக்கொண்டிருக்கிறார்?

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, எடை. நல்ல பேட்டரி கையில் கனக்கும். பொய் பேட்டரிக்குள் சின்னதாக ஒரு உயிர், மிச்சமெல்லாம் அடைப்பு. அறுத்துப் பார்க்காதீர்கள், லித்தியம் கோபக்காரன். எங்கள் கடைக்குப் பக்கத்தில் ஓர் அடகுக் கடை இருக்கிறது. தங்கம் நிறுக்கும் தராசு என்பதால் சந்தேகத்துக்கு இடமில்லை. பிரவீனையும் அழைத்துக்கொண்டு போய், எங்கள் பேட்டரியை ஒரு தடவை, தங்க எழுத்துப் பேட்டரியை ஒரு தடவை நிறுக்கச் சொன்னேன். இரண்டாவதன் எடை முதலாவதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. அடகுக் கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு அதை விரலால் உருட்டிப் பார்த்தார். “தம்பி, மேல மட்டும்தான் தங்கம். இதுக்கு நான் கடன் குடுக்க மாட்டேன்” என்று பிரவீனிடம் திருப்பிக் கொடுத்தார்.

மூன்று நட்சத்திர வருத்தம்

கார்த்திகை வந்தது. மழை நின்று பெய்தது, வியாபாரம் உட்கார்ந்தே இருந்தது. மச்சான் ஒரு யோசனையோடு வந்தான். பார்சலுக்குள் ஒரு வண்ண அட்டை வைப்போம். ஐந்து நட்சத்திரம் போட்டுப் படம் அனுப்பினால் ஒரு செல்போன் உறை இலவசம். பழைய கடையின் உறைகள் மூட்டையாக அவன் வீட்டுப் பரணில் இருந்ததை நான் அறிவேன். நட்சத்திரத்தை நாமே விலைக்கு வாங்கினால் அதற்கு ராகு கேது பார்க்க வேண்டியதுதான் என்று மறுத்துவிட்டேன்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஐந்து நட்சத்திரக் கருத்துகளைப் படிக்காதீர்கள். ‘நேற்றுதான் வந்தது, பேக்கிங் சூப்பர்’ என்று இருக்கும், அவர் இன்னும் சுவிட்சைக்கூடத் தொட்டிருக்க மாட்டார். ஒரு நட்சத்திரத்தையும் விடுங்கள். கொரியர்காரர் மேல் உள்ள கோபம் அது. மூன்று நட்சத்திரக்காரர்தான் பொருளைப் பயன்படுத்தியவர். மூன்று மாதம் கழித்து எழுதியிருந்தால் அவர் பேச்சுக்குக் காது கொடுங்கள்.

அப்படிச் சொன்ன என் தலையிலேயே ஒரு மூன்று நட்சத்திரம் விழுந்தது. சேலையூர்க்காரர் ஒருவர் எழுதியிருந்தார்: ‘சொன்ன வெளிச்சம் இருக்கிறது. சொன்ன நேரம் எரிகிறது. சொன்ன இடத்தில் சூடாகிறது. புதிதாக எதுவும் இல்லை.’ என் வாழ்நாளில் கிடைத்த ஆகச் சிறந்த மதிப்புரை இதுதான் என்று அச்சடித்துக் கடையில் ஒட்டினேன். மச்சான் அதை நின்று வாசித்தான். “பத்தாங்கிளாஸ்ல பாஸ்னு போட்டதுக்கு ஃப்ரேம் போட்டு மாட்டின மாதிரி இருக்கு மாமா” என்றான்.

நீல டேங்க்

எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு எதிரே ஒரு காலி மனை. அதற்கு அந்தப் பக்கத்து வீட்டின் மேல் ஒரு நீலத் தண்ணீர் டேங்க். விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம் கழித்து, கேமராவை ஒரே இடத்தில், ஒரே அமைப்பில் வைத்து, ஒவ்வொரு டார்ச்சையும் அந்த டேங்க் மேல் அடித்துப் படம் எடுப்பேன். எந்த டார்ச்சின் பக்கத்தைத் திறந்தாலும் அதே டேங்க்தான் இருக்கும். டார்ச் மட்டும் மாறினால்தானே எது பெரியது என்று தெரியும்? கேமராவில் இரண்டு பொத்தானை மாற்றினால் அகல் விளக்கிலும் மலையைக் காட்டலாம். படத்தில் மலையைப் பார்த்தால் டார்ச்சைப் பற்றி ஒன்றும் தெரியாது, மலை அழகாயிருக்கிறது என்பது மட்டுமே தெரியும்.

ஒரு நாள் மச்சான் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். ஏதோ ஒரு லட்சம் லூமென்ஸ் கடை எங்கள் எண்ணூறு லூமென்ஸ் பக்கத்தை அப்படியே வாரிக்கொண்டு போயிருந்தது. அதே நீல டேங்க், டேங்க் மேல் உட்கார்ந்திருந்த அதே காக்கை. மேலே மட்டும் ‘ஒரு லட்சம் லூமென்ஸ், இரண்டு கிலோமீட்டர் வீச்சு’ என்று மாற்றியிருந்தார்கள். எடுத்தவர் அவசரத்தில் பக்கத்தின் அடிவரைக்கும் படிக்கவில்லை. என் பக்கங்கள் எல்லாவற்றிலும் கடைசியில் ‘இது எதற்கு உதவாது’ என்று ஒரு பகுதி உண்டு. அதுவும் சேர்ந்தே போயிருந்தது: ‘எதிர் வீட்டு டேங்க்கைத் தாண்டி இதனிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.’

மச்சானுக்குக் கோபம். எனக்கோ, முதன்முறையாக ஒருவர் என் எழுத்தைத் திருடத் தகுந்தது என்று நினைத்திருக்கிறார் என்ற நிறைவு. மறுநாள் அந்தப் பக்கத்தில் கேள்விகள் கேட்கும் இடத்தில் ஒரு கேள்வி முளைத்திருந்தது. கேட்டவர் பெயர் இல்லை. கேள்வியில் எழுத்துப்பிழையும் இல்லை என்பதற்கு மேல் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை: “ஐயா, தங்கள் எதிர் வீடு இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் உள்ளதா?”

விற்கப்போன இடத்தில்

பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மழை வலுத்தால் அதன் கீழ்த்தள வாகன நிறுத்தத்துக்கு ஏரி விருந்தாளியாக வந்துவிடும். அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் விஜயா மேடம், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. காவலாளிகளுக்கும் மோட்டார் பார்ப்பவர்களுக்கும் மொத்தமாக டார்ச் வேண்டும் என்று கூப்பிட்டார். அந்த ஒரு ஆர்டர் கிடைத்தால் மழைக்காலம் தப்பித்தது. என் எழுத்தும் தப்பித்தது. மச்சான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான்.

பட்டப்பகலில் கீழ்த்தள மோட்டார் அறையில் சோதனை. மேடம் ஒரு லட்சம் லூமென்ஸையும் வாங்கித் தயாராக வைத்திருந்தார். இரண்டையும் சுவரில் அடித்தோம். நடுவில் ஒரு வட்டம் சுள்ளென்று விழ, லட்சம்தான் ஜெயித்தது. மச்சான் என்னைப் பார்த்தான். நான் மேடத்திடம், போன வருடம் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டேன். ஆசிரியை அல்லவா, ஆதியிலிருந்து சொல்லத் தொடங்கினார். அவர் முடிப்பதற்குள் லட்சம் மங்கிப்போய், பிடித்திருந்த காவலாளி சூடு தாங்காமல் கை மாற்றிக்கொண்டிருந்தார். எண்ணூறு வைத்த இடத்தில் இருந்தது. மச்சான் சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

அப்போதுதான் மேடம் போனில் எங்கள் தளத்தைத் திறந்து, கடைசிப் பகுதியை வகுப்பில் வாசிப்பதுபோல உரக்க வாசித்தார். “இது எதற்கு உதவாது. மழையில் நனையலாம். தண்ணீருக்குள் விழுந்தால் உடனே எடுத்துத் துடைக்கவும். எடுக்க முடியாத இடத்தில் விழுந்தால் நம்பிக்கையைக் கைவிடவும்.” கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “இங்க முட்டியளவு சேத்துத் தண்ணி நிக்கும் சார். கை தவறினா எங்க போய்த் தேடறது?” நியாயமான கேள்வி. அவர்களுக்கு வேண்டியது தண்ணீருக்குள் மூழ்கினாலும் எரியும் வகை. பெட்டியில் நீர்க்காப்பு எண்ணுக்குக் கடைசியில் எட்டு என்று இருக்க வேண்டும், நான்கு என்றால் வெறும் தூறலுக்குத்தான் என்று சொன்னேன். உங்களிடம் இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். எங்கே கிடைக்கும் என்றார். அதையும் சொன்னேன்.

வண்டியில் திரும்பினோம். இரும்புலியூர் சிக்னலில் நின்றபோது மச்சான் தலையைத் திருப்பாமல் சொன்னான்: “வாங்காதீங்கன்னு எழுதி வெச்சுட்டு, விக்கறதுக்கு நேர்ல வந்த ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான் மாமா.” ஹெல்மெட்டுக்குள் இருந்ததால் நான் பெருமைப்பட்டது அவனுக்குத் தெரியவில்லை.

தை பிறந்தது

பொங்கல் முடிந்தது. வியாபாரம் இறங்கவில்லை, ஏறியது என்று சொல்லவும் என் மனசாட்சி இடம்கொடுக்கவில்லை. சொன்ன சொல் சொல்தான். கடவுச்சொல்லை மச்சானிடம் கொடுத்து, எண்ணூறு லூமென்ஸ் பக்கத்தை அவன் கையில் ஒப்படைத்தேன். ஒரே ஒரு நிபந்தனை: இனிமேல் கடைப் போனையும் அவனே எடுக்க வேண்டும். ஒரு சாயங்காலத்தில் வேலையை முடித்துவிட்டான். ‘ஒரு லட்சம் லூமென்ஸ். ராணுவத் தரம்.’ நீல டேங்க் போய் அங்கே ஒரு பனிமலை வந்தது. ‘இது எதற்கு உதவாது’ இருந்த இடத்தில் ‘இன்றே வாங்குங்கள்’. நான் எழுத்துப்பிழை மட்டும் திருத்திக் கொடுத்தேன். கை தன்னால் செய்துவிட்டது.

மறுநாள் காலை கடையைத் திறந்த கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. நாவலூர் பிரவீன். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். “அண்ணா, உங்க சைட்டை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க. லட்சம் லூமென்ஸ்னு போட்டிருக்கு. பாஸ்வேர்டு உடனே மாத்துங்க. யாரும் பணம் கட்டிடாதீங்கன்னு எங்க ஆபீஸ் க்ரூப்ல சொல்லிட்டேன்.” மச்சான் நன்றி சொல்லி வைத்தான். வைத்த கையோடு வாசலில் ஆட்டோ நின்றது. குமார் உள்ளே வராமலே கத்தினார்: “சார், உன் கடை பேர வெச்சிகினு எவனோ டுபாக்கூர் வேலை பண்றான். ஆளு யாருன்னு சொல்லு, ஸ்டாண்டுல எல்லாரும் வரோம்.” மச்சான் கவுன்டருக்குக் கீழே எதையோ தேடக் குனிந்தான். வெகுநேரம் தேடினான்.

பிறகு விஜயா மேடம். அந்தக் குரலுக்கு மச்சான் தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டான். கீழ்த்தளத்துக்கு வேறு டார்ச் வாங்கிவிட்டாராம், நாங்கள் சொன்ன மாதிரியே எட்டு எண் பார்த்து. தண்ணீரில் விழுந்தும் எரிகிறதாம். அதனால், தண்ணீர் ஏறாத மேல் மாடி வீடுகளுக்கெல்லாம் எங்கள் எண்ணூறையே வாங்குவது என்று சங்கக் கூட்டத்தில் முடிவாகிவிட்டதாம். “ஆர்டர் போடலாம்னு உட்கார்ந்தேன்பா. லட்சம்னு பார்த்ததும் மூடிட்டேன். இது அந்த சார் எழுதினது இல்ல, வேற யாரோ உள்ள புகுந்துட்டாங்கன்னு எனக்குத் தெரியும். சைபர் கிரைம்ல ஒரு புகார் குடுத்துடுங்க” என்றார்.

மச்சான் என் முகத்தைப் பார்த்தான். நான் பனிமலையைப் பார்த்தேன். “ஆமா மேடம்” என்றான், “யாரோ புகுந்துட்டாங்க. இதோ சரி பண்ணிட்டிருக்கோம்.” ‘யாரோ’ என்பது அந்த இடத்தில் பொருத்தமான சொல் அல்ல, ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சொல்லைத் திருத்தாமல் விட்டேன். மதியத்துக்குள் எண்ணூறு திரும்பி வந்தது, நீல டேங்க் வந்தது, காக்கை வந்தது. மேடத்தின் ஆர்டரும் வந்தது. அதைக் கட்டிக்கொண்டே மச்சான் சொன்னான்: “ஊர்ல எவன் லட்சம்னாலும் நம்பறாங்க மாமா. நாம சொன்னா மட்டும் போலீசுக்குப் போகச் சொல்றாங்க.”

எண்ணூறு லூமென்ஸை எண்ணூறு என்றே சொல்லி நான் சேர்த்த சொத்து இவ்வளவுதான்: நானே பொய் சொன்னாலும் அது நான் இல்லை என்று அடித்துச் சொல்ல, தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் நாலு பேர் இருக்கிறார்கள்.